செஷன் அண்ணாவின் மிச்ச நேரம்

மெல்பர்னில் பிள்ளை பெற்ற எந்தத் தமிழரும் செஷன் அண்ணாவிடம் சிக்காமல் தப்பியதில்லை. கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருப்போம். தீபாராதனைக்கு நடுவே காதருகில் ஒரு குரல் கேட்கும். "சைல்ட்கேர்ல எத்தினை மணித்தியாலச் செஷன் எடுத்திருக்கிறியள்?" சாமி காத்திருக்கலாம், அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்காரர். டண்டினொங்கில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அவர் மகள் துளசியும் என் மகனும் கிளென் வேவர்லியில் ஒரே குழந்தைகள் காப்பகத்தில், ஒரே அறையில் இருந்தார்கள்.

ஒரு கல்யாணத்தில் தாலி கட்டிவிட்டு மேடையிலிருந்து இறங்கிய மாப்பிள்ளையின் கையைக் குலுக்கி, "இப்பவே சைல்ட்கேர்ல பேரைப் பதிஞ்சு வையுங்கோ தம்பி, வெயிட்டிங் லிஸ்ட் பெரிசு" என்றார். பெண்ணின் அப்பா முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

என்னை அவர் பிடித்தது காப்பக வாசலில். நான் மகனைச் சீக்கிரமே அழைத்துப் போவது அவருக்குப் பொறுக்கவில்லை.

"தங்கச்சி, உங்கட செஷன் ஆறு மணி மட்டும் எல்லோ?"

"ஆமாண்ணா, ஆறு வரைக்கும்தான். ஆனா எனக்கு வேலை மூணு மணிக்கே முடிஞ்சிடுது."

"சென்டரோட பேசி ஒத்துக்கொண்ட நேரத்துக்குத்தான் கவர்மென்ட் சப்சிடி குடுக்கும். பிள்ளை நிண்டாலும் ஒண்டுதான், நிக்காட்டிலும் ஒண்டுதான். பிள்ளை இல்லாத நேரமும் உங்கட சப்சிடி மணிக்கணக்கில கழியுது. ஒண்டில் சின்னச் செஷனா மாத்துங்கோ, இல்லாட்டிப் பிள்ளையை விளையாட விடுங்கோ!"

சொன்னதோடு விட்டாரா? மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு மேலாளரிடம் போய், செஷனைச் சுருக்கிக் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தார். என் கணவருக்கு ஒரே எரிச்சல். அவர் மாதக்கணக்காகத் தள்ளிப்போட்ட வேலை அது.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் நண்பகலில் துளசியைத் தோளில் போட்டுக்கொண்டு காப்பகத்திலிருந்து வெளியே வந்தார். என் மகனுக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டதால் நான் உள்ளே போய்க்கொண்டிருந்தேன். துளசி நல்ல தூக்கத்தில் இருந்தாள். படுத்திருந்த விரிப்போடு அப்படியே தூக்கியிருந்தார். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

"என்னண்ணா, பாதி செஷன் மிச்சம் இருக்கே?"

அவர் சிரிக்கவில்லை. "மனுசிக்குச் சுகமில்லை, தங்கச்சி. கான்சர். இனி வீட்டிலயே வைச்சுப் பாக்கச் சொல்லிட்டினம். மருந்து மயக்கம் மத்தியானத்திலதான் கொஞ்சம் தெளியும். அப்ப பிள்ளை பக்கத்தில இருக்க வேணும்."

ஊர்க் கதையெல்லாம் பேசிய மனிதர் மனைவியின் நோயை ஒருவரிடமும் சொல்லவில்லை. அவர் சொல்லித்தந்த பாடத்தையே திருப்பிக் கேட்டேன்.

"அப்போ செஷனைச் சுருக்கிக்கலாமேண்ணா?"

"திடீரெண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தா பிள்ளை எங்க நிக்கும்? ஆறு மணி மட்டும் அவளுக்கொரு இடம் இருக்கட்டும். மிச்சம் வீணாப் போனாப் போகட்டும்."

லீவு போட்டுவிட்டுத் தினமும் நண்பகலில் வந்தார். சில நாட்கள் அம்மாவுக்கு விழிப்பு வரும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாளாம். எழுப்ப விடாமல் அந்த அம்மா அவளைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாராம்.

குளிர்காலம் முடியுமுன் அவர் மனைவி இறந்துபோனார்.

காரியங்கள் முடிந்து துளசி மறுபடி காப்பகத்துக்கு வந்தாள். அன்று வேலை சீக்கிரமே முடிந்து மதியம் நான் போனபோது குழந்தைகள் தூங்கும் அறையில், குட்டி நாற்காலியொன்றில் முழங்கால் நெஞ்சில் இடிக்க அண்ணா உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணா, சீக்கிரம் வந்துட்டீங்க?"

"கால் தன்ரபாட்டில வந்திட்டுது, தங்கச்சி. வீட்டை போய் என்ன செய்யிறது?"

துளசி விழித்ததும் ஷூவை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "அப்பா, அம்மாட்டப் போவம்."

அண்ணா அவள் காலில் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டார். பிறகு எழுந்திருக்கவில்லை. "இண்டைக்குக் கொஞ்சம் விளையாடுங்கோ, குஞ்சு. அப்பா இஞ்சயே இருக்கிறன்" என்றார்.

என் மகன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றான். நான் பையைக் கழற்றி அவனைத் துளசியோடு விளையாட அனுப்பினேன். இன்னொரு குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு அண்ணா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரைத் தனியே விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.