பதினான்காம் அறையின் கிறீச்சொலி

“கிறீ...ச்!”

முதலில் வந்தது சத்தம். அதன் பிறகே பதினான்காம் அறையின் இரும்புக் கதவு திறந்தது. எதிரே கண்மூடி நின்றிருந்தார், மரபுச்சின்னப் பாதுகாப்பு அதிகாரி ரூலோஃப்சன் அம்மையார்.

“ஆகா, நூத்தம்பது வருஷத்துச் சத்தம்!”

“ஆறு மாசத்துச் சத்தம், மேடம்,” என்றார் வீபே.

ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் அந்தப் பழைய சிறை இப்போது தங்கும் விடுதி. முப்பது வருடம் அங்கே காவலராக இருந்த வீபே, கைதிகள் போய் விருந்தினர்கள் வந்தபின் பராமரிப்பாளர் ஆனார். கைதிகளின் தூக்கம் கெடாதிருக்க வெள்ளிக்கிழமைதோறும் கீல்களுக்கு எண்ணெய் விட்டவர். ஆறு மாதம் முன்பு, கிறீச்சொலியும் பாதுகாக்கப்பட்ட சின்னமே என்று உத்தரவு வந்தது. எண்ணெய்க்குப்பிக்கு அரசு முத்திரை வைத்தார்கள்.

“என் காலத்துல இந்தக் கதவு கத்தினதே இல்லையே, மேடம்.”

“அப்போ முப்பது வருஷமா மரபை அழிச்சிருக்கீங்க. போகட்டும், மன்னிச்சாச்சு. இனிமே ஒரு சொட்டு விட்டாலும் வேலை போயிடும். ஓய்வுக்கு ரெண்டு வருஷம்தானே பாக்கி?”

வீபே கதவை அகலத் திறந்துவிட்டார்.

உள்ளிருந்து கேட்டால் ஒலி எப்படியிருக்கும் என்று குறிப்பெழுத, அம்மையார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொன்னார். வீபே சாத்தினார். பிறகு கதவு திறக்கவில்லை. துரு கவ்விக்கொண்டது, தோளால் இடித்தும் அசையவில்லை.

“ரெண்டு சொட்டு எண்ணெய் போதும். விடட்டுமா?”

“வாய்ப்பேச்சு செல்லாது. விண்ணப்பம் எழுதுங்க.”

கதவிலிருந்த சாப்பாட்டுத் துளை வழியே விண்ணப்பம் உள்ளே போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது.

“நீல மையா? கறுப்புதான் செல்லும்.”

கறுப்பு மையில் போனது.

“இப்போ சரி. ஆனா நான் கையெழுத்துப் போட முடியாது. இந்தக் கோப்புல எனக்குச் சொந்த நலன் இருக்கு. மேலதிகாரிதான் போடணும். அதுக்கு முன்னாடி பொதுமக்கள் ஆட்சேபம் சொல்ல ஆறு வாரம் அவகாசம்.”

“ஆறு வாரம் உள்ளேயேவா?”

“எனக்காக விதியை வளைச்சா ஊர் என்னய்யா பேசும்?”

சத்தம் கேட்டுக் கூடியிருந்த விருந்தினர்கள் கைதட்டினார்கள். பக்கத்து அறைக்காரர், தன்னை மட்டும் ஏன் இப்படிப் பூட்டவில்லை என்று வரவேற்பறையில் புகார் கொடுத்தார். மாலைக்குள் மூன்று ஆட்சேபங்கள் வந்துவிட்டன: எண்ணெய் விடவே கூடாது. இரண்டு விருந்தினர்களுடையவை. மூன்றாவது, கறுப்பு மையில், பதினான்காம் அறையிலிருந்து.

மணி ஐந்து. வீபேயிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவராகவே காபி ஊற்றித் தட்டில் வைத்து, பக்கத்தில் ஒரே ஒரு பிஸ்கட் வைத்து, பிஸ்கட் டப்பாவை மூடினார். கைதிகளுக்குச் செய்த பழைய வழக்கப்படி கதவை இருமுறை தட்டிவிட்டு, துளை வழியே தட்டை உள்ளே தள்ளினார்.