விசிலக்காவும் கிழக்கு கேலரியும்

புதுச்சேரியில் கால்பந்து விதிகளை முழுதாக அறிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறார். உலகக் கோப்பை நடத்துகிறவர்களுக்கு இது தெரியாமல் போனது அவர்களுடைய நஷ்டம்.

அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. விசிலக்கா, அவ்வளவுதான். குருசுக்குப்பத்திலிருந்து மீன் கூடையோடு மார்க்கெட்டுக்குள் நுழையும்போது வழி விடச்சொல்லிக் கத்தியே தொண்டை போனதால், கழுத்தில் ஒரு விசிலைக் கட்டிக்கொண்டார். ஓர் ஊது ஊதினால் மூட்டை தூக்குகிறவர்கள் ஒதுங்குவார்கள், ஆட்டோ நிற்கும், பேரம் பேசிக்கொண்டிருப்பவர் தான் கேட்ட விலையை மறந்து அக்கா சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போவார்.

சாயங்காலமானால் அதே விசிலோடு ஊர் மைதானத்தின் கிழக்கு கேலரிக்கு வந்துவிடுவார். ஒருநாள் ரெஃப்ரி கவனிக்காமல் விட்ட ஃபவுலுக்கு அக்கா ஊதிவிட, இரண்டு அணிகளும் அப்படியே நின்றுவிட்டன. ரெஃப்ரி கேலரிப் பக்கம் வந்து, "யம்மா, அந்த விசில குடுத்துடு" என்றார்.

"நீ உன் கண்ண குடு, நான் விசில குடுக்கறேன். இவ்ளோ தூரத்துலேர்ந்து எனக்குத் தெரியுது, பக்கத்துல நின்னுகினு உனக்குத் தெரியலியா?"

ரெஃப்ரி திரும்பிப் போய் ஃப்ரீ கிக் கொடுத்தார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

குப்பத்துப் பெண்கள் பந்து ஆட ஆரம்பித்ததற்கும் அக்காதான் காரணம். பெண்ணை அனுப்ப மாட்டேன் என்ற ஒவ்வோர் அப்பாவின் வீட்டு வாசலிலும் விடியற்காலையில் போய் நின்று ஊதினார். நான்காம் நாள் அப்பாக்களே ஷூ வாங்கிக்கொடுத்துப் பெண்களை மைதானத்துக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கும் தூக்கம் வேண்டாமா? பதினாறு பெண்கள் தினமும் காலை ஆறு மணிக்கு அங்கே பயிற்சி செய்தார்கள். நான் அப்போது ஓரமாக நடைப்பயிற்சி செய்வேன். பந்து என் மேல் பட்டால் அக்கா என்னைத்தான் திட்டுவார்.

இப்படி இருந்த மைதானத்துக்கு வந்தது யோகம். பெரிய கம்பெனி ஒன்றின் கால்பந்து அணி, சம்பளம் வாங்கி ஆடும் ஆட்டக்காரர்கள், டிவியில் வருகிற லீக். அந்த அணி நம் ஊரைத் தன் ஊராக வைத்துக்கொள்ளப் போகிறது, அதற்காக அரசாங்கச் செலவில் மைதானத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. நான் துள்ளிக் குதித்தேன். 'வராது வந்த விருந்தாளிக்கு வாசலைத் திறப்போம்' என்று தலைப்புக் கொடுத்து, பத்திரிகையில் வாராவாரம் நான் எழுதும் இதே பத்தியில் ஒரு பக்கம் எழுதினேன்.

அந்த வாரம் சங்கரா மீன் வாங்கப் போனபோது அக்கா என்னைப் பார்த்து ஊதினார்.

"எழுதினியாமே சார்? படிச்சுக் காட்டினாங்க. கெவுருமெண்டு காசுல கட்டறாங்களாம். நல்லது. கட்டி முடிச்சப்புறம் சாவி யாருகிட்ட இருக்கும்?"

"சாவியா? அதெல்லாம் யாருக்கு தெரியும்க்கா."

"அது தெரியாமலா ஒரு பக்கம் எழுதின?"

அன்றைக்கு மீனில் எனக்கு முள் மட்டும்தான் தட்டுப்பட்டது.

மக்களிடம் கருத்துக் கேட்க மைதானத்தை ஒட்டிய ஏசி ஹாலில் ஒரு கூட்டம் போட்டார்கள். நல்ல சித்திரை மாதம், பகல் பதினொரு மணி. நான் ஆதரித்து எழுதியவன் என்பதால் முதல் வரிசையில் நாற்காலி. கடைசி வரிசையில் விசிலக்கா, அவரோடு பதினாறு பெண்கள்.

இன்ஜினியர் திரையில் படம் காட்டினார். புது ஃபிளட் லைட், மேற்கே கூரை, கண்ணாடி போட்ட ஏசி அறைகள். அணியின் சார்பில் வந்திருந்த கோட்டுக்காரர், ஓட்டல் நிறையும், ஆட்டோ ஓடும், ஊருக்குப் பேர் வரும் என்று அழகாகப் பேசினார். நான் கை தட்டினேன்.

பிரெஞ்சு பென்ஷன் வாங்குவதால் ஊரே 'முசே' என்று கூப்பிடும் முதியவர் ஒருவர் எழுந்தார். "லாபம் அவங்களுக்கு, செலவு நமக்கா? ஆஸ்பத்திரியில கட்டில் போடு. பந்துக்கு ஒரு பைசா குடுக்கக் கூடாது!"

அக்கா அவரைப் பார்த்து ஊதினார். ஹாலே அடங்கியது.

"உக்காரு முசே. ஆஸ்பத்திரிக்கும் போடட்டும், வேணாங்கல. கெவுருமெண்டு போடலன்னா எங்க பொண்ணுங்களுக்கு எவன் மைதானம் கட்டுவான்? நான் போடாதேன்னு சொல்ல வரல." பிறகு இன்ஜினியர் பக்கம் திரும்பினார். "இந்த ஆட்டம் வருசம் பூரா நடக்குமா சார்?"

"இல்லம்மா, சீசன்ல மட்டும்."

"மீதி நாளு?"

இன்ஜினியர் கோட்டுக்காரரைப் பார்த்தார். கோட்டுக்காரர், "புல் தரையப் பாதுகாக்கணும்மா. பூட்டித்தான் வைக்கணும்" என்றார்.

"ஊரு காசுல வூடு கட்டி உங்களுக்குக் குடுத்துட்டு, நீங்க இல்லாதப்ப நாங்க பூட்டப் பாத்துகினு நிக்கணுமா?"

எனக்கு வியர்த்தது. ஏசி வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

"சரி, அந்தப் படத்துல கெயக்கால கேலரி எங்க?" என்றார் அக்கா.

"அது இப்ப இருக்கற மாதிரியே இருக்கும்மா. பெயின்ட் அடிப்போம்."

"அப்ப எல்லாரும் வாங்க, அங்க உக்காந்து பேசுவோம்."

சிரித்தார்கள். அக்கா நீளமாக ஓர் ஊது ஊதினார். பதினாறு பெண்களும் எழுந்தார்கள். பிறகு பென்ஷன்காரர் எழுந்தார். பின்னால் ஹாலே எழுந்தது. ஃபைலை மார்போடு அணைத்தபடி இன்ஜினியரும் வந்தார். கோட்டுக்காரரால் மட்டும் தனியாக எப்படி உட்கார்ந்திருக்க முடியும்?

கூரை இல்லாத கேலரி, சிமென்ட் படி, உச்சி வெயில். உட்கார்ந்த வேகத்தில் கோட்டுக்காரர் எழுந்தார்.

"உக்காருப்பா. உன் டீம பாக்க வர்ற சனம் ரெண்டு மணி நேரம் இப்படித்தான் உக்காரப் போவுது," என்றார் அக்கா.

ஐந்தாவது நிமிடம் கோட்டு கழன்றது. பத்தாவது நிமிடம் இன்ஜினியர் ஃபைலைக் குடையாக்கினார். நான் எழுதிய பத்தி அச்சாகியிருந்த பத்திரிகையின் மேல்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கட்டுரையால் கிடைத்த ஒரே பயன் அதுதான்.

அப்போது கோட்டுக்காரரோடு வந்திருந்த பெண் அதிகாரி, "இங்க லேடீஸ் டாய்லெட் எந்தப் பக்கம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

அக்கா அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். கதவில்லாத, தண்ணீரில்லாத அந்த இடத்தைப் பார்த்துத் திரும்பிய அதிகாரியின் முகம் மாறியிருந்தது. "எங்க பொண்ணுங்க தெனமும் வூட்டுக்கு ஓடிப் போயிட்டு வருதுங்கம்மா," என்றார் அக்கா. குரலில் கேலி இல்லை. அந்த அதிகாரி நேராக இன்ஜினியரிடம் வந்து, "முதல்ல இத எழுதுங்க சார்" என்றார்.

அக்கா மீதியையும் சொல்லச் சொல்ல, இன்ஜினியர் எழுதினார். கிழக்கே கூரை, பெண்கள் கழிப்பறை, தினமும் காலை இரண்டு மணி நேரம் உள்ளூர் ஆட்டக்காரர்களுக்கு. சாவி அரசாங்க வாட்ச்மேனிடம்.

"கையெழுத்து?" என்றார் அக்கா. அதுவும் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் அவர் எல்லோரையும் நிழலுக்குப் போக அனுமதித்தார்.

எல்லாம் சொன்னபடி நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். கூரை பாதி கேலரிக்குத்தான் வந்தது. ஏசி அறைகள் ஒன்று குறையாமல் வந்தன. ஆனால் கழிப்பறையில் கதவும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு வாட்ச்மேன் கேட்டைத் திறக்கிறார். ஒருநாள் தூங்கிவிட்டாராம். அவருக்கும் ஓர் ஊது கிடைத்தது.

இன்று யாராவது என்னிடம், அரசாங்கப் பணத்தில் கம்பெனி அணிக்கு மைதானம் புதுப்பிக்கலாமா என்று கேட்டால், எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. தாராளமாகச் செய்யட்டும், ஆனால் ஏசி ஹாலில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள் என்பேன்.

முதல் மேட்சுக்குக் கோட்டுக்காரரே அக்காவைக் கண்ணாடி அறைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தார். பத்தே நிமிடத்தில் அக்கா கிழக்கு கேலரிக்கு வந்துவிட்டார்.

"ஏன்க்கா? குளுகுளுன்னு இருக்குமே!"

"கண்ணாடிக்கு உள்ள இருந்து திட்டினா ரெஃப்ரிக்கு எப்படிக் கேக்கும்?"

இப்போது அவருக்கு முட்டி வலி. படியேறி வர நேரமாகிறது. மேட்ச் நாட்களில் நான் முன்னதாகவே போய், நிழல் விழும் வரிசையில் பக்கத்து இடத்தில் என் துண்டைப் போட்டுவிடுகிறேன். யாராவது வந்து காலியா என்று கேட்டால், எங்க அக்கா வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்கிறேன்.