மிதக்கிற கட்டையும் வேரில்லாத ஆளும்

அந்தக் குடியிருப்பில் மொத்தம் இருபத்து நான்கு வீடுகள். நான்கு மாதத்துக்கு முன்பு ஒரே ஒரு வீட்டில்தான் மீன் தொட்டி இருந்தது. இப்போது மீன் தொட்டி இல்லாத வீடே இல்லை. மீன்மேல் திடீர்ப் பாசமா என்றால், அதெல்லாம் இல்லை. கட்டை ஜோசியர் வந்துவிட்டார்.

ஆற்றில் அடித்து வந்து வெயிலில் காய்ந்த மரக்கட்டை ஒன்றைத் தொட்டியில் போடுவார். அது மிதக்கும். காய்ந்த கட்டை வேறென்ன செய்யும் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. கண்ணை மூடிக்கொள்வார்.

"இந்த வீட்ல வேரில்லாத ஆள் ஒருத்தர் இருக்காங்க. அவங்க இருக்கற வரைக்கும் கட்டையும் நிக்காது, குடும்பமும் நிக்காது."

பரிகாரம் எளிது. கட்டையை வாளித் தண்ணீரில் கல் வைத்து அமுக்கிவிட்டு, அந்த ஆளை நாற்பது நாள் வெளியே அனுப்ப வேண்டும். பிறகு ஜோசியர் வந்து ஊதினால் கட்டை மூழ்கும். மூழ்கவும் செய்தது. மேல்மாடியில் வேலை போன மைத்துனர் வெளியேறினார், கட்டை மூழ்கியது. எதிர்வீட்டில் காது கேட்காத சித்தப்பா வெளியேறினார், கட்டை மூழ்கியது. என்ன மாயமோ, யாரை வீட்டார் ஏற்கெனவே சுமையாக நினைத்தார்களோ, சரியாக அவருக்கே வேர் இல்லாமல் போனது.

அடுத்த முறை பார்சல் அக்காவுக்கு. பார்சல் அலுவலகத்தில் எடை போடுகிறவள். கணவனைப் பிரிந்து வந்து, ஆறு வருடமாகத் தம்பி வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். அந்த அறையில் தையல் மெஷின் போடத் தம்பி மனைவிக்கு ரொம்ப நாளாக ஆசை.

"நான் என்ன பண்ணட்டும் அண்ணி? நானா சொல்றேன், கட்டை சொல்லுது," என்றாள் தம்பி மனைவி.

"கட்டைக்கு என் ரூம் மேல எப்ப இருந்து கண்ணு?"

தம்பி செய்தித்தாளுக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கினான். "நாப்பது நாள்தானேக்கா," என்றது செய்தித்தாள்.

"எதிர்வீட்டுச் சித்தப்பா போய் மூணு மாசமாச்சு. திரும்பி வந்துட்டாராடா?"

செய்தித்தாள் பக்கம் புரட்டியது.

போய்விட்டால் அந்த அறை திரும்பக் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். ஜோசியர் வீட்டில் விட்டுப்போன கட்டையிலிருந்து இரண்டு துண்டுகள் அறுத்து எடுத்துக்கொண்டு பெண்கள் விடுதிக்குப் போனாள். ஒன்றைத் தன் கட்டிலுக்கு அடியில் ஒரு வாளியில் கல் வைத்து அமுக்கினாள். மற்றதை அலமாரிமேல் காயவிட்டாள். தினமும் எடை போட்டுத் தாளில் குறித்தாள். உண்மையிலேயே எனக்கு வேர் இல்லையோ என்று ஒரு நாள் பயந்தாள். பயந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள். நனைந்த துண்டு தினமும் கனத்தது. முப்பத்தாறாம் நாள் கல்லை எடுத்தாள். துண்டு எழும்பவில்லை. வேரில்லாதவளின் கட்டிலுக்கு அடியிலேயே சமர்த்தாகக் கிடந்தது.

நாற்பதாம் நாள் கீழே பொதுக்கூடத்தில் தொட்டி, கூட்டம், ஜோசியர். பார்சல் அக்கா நேரே போய் நனைந்த துண்டைத் தொட்டியில் போட்டாள். மூழ்கியது.

"இது என் பக்கத்துலயேதான் இருந்துச்சு, ஜோசியரே. யாரையும் துரத்தல, யாரும் ஊதல." காய்ந்த துண்டைப் போட்டாள். மிதந்தது. "இதுவும் அதே கட்டைதான். ஆனா நாப்பது நாளா தண்ணியே பாக்காதது. ஊதுங்க பாப்போம்."

ஊதினார். மிதந்தது.

"நீங்க உள்ள நின்னா எப்படிம்மா மூழ்கும்?"

"அவ்வளவுதானே." வெளியே போய் நின்றாள். மிதந்தது.

ஜோசியருக்கு வியர்த்தது. "இன்னொரு வேரில்லாத ஆள் இருக்கு." சுற்றிப் பார்த்த விரல், பக்கத்தில் நின்ற தம்பி மனைவிமேல் போய் நின்றது.

"நானா? நான் இந்த வீட்டு மருமகங்க."

"கட்டை சொல்லுதும்மா."

அழுதுகொண்டே வெளியே வந்தாள். மிதந்தது. பிறகு ஓர் ஆசிரியர், அப்புறம் ஒரு கணக்கர். அப்போதும் மிதந்தது. கடைசியில் ஜோசியர், "எல்லாரும் வெளிய போங்க, தனியா ஊதணும்," என்றார். எல்லாரும் போனார்கள். போய் ஜன்னலில் முகத்தை வைத்தார்கள். ஜோசியரின் ஒரு கை தண்ணீருக்குள் இறங்கப் பார்த்தது, இருபது ஜோடிக் கண்களைக் கண்டதும் பைக்குள் போனது.

ஜன்னலிலிருந்து எலக்ட்ரீஷியன் கேட்டார்: "ஜோசியரே, இப்ப உள்ள நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க. அப்ப வேரில்லாதது யாரு?"

ஜோசியர் பின்வாசல் வழியாகப் போன வேகத்துக்கு வேர் இருந்ததாகத் தெரியவில்லை.

பார்சல் அக்கா காய்ந்த துண்டை எடுத்து, அடியில் பையில் கொண்டுவந்திருந்த, துளை போட்ட ஒரு தட்டையான பலகைக்கல்லை வைத்து, துருப்பிடிக்காத ஸ்க்ரூ இரண்டு முடுக்கினாள். தொட்டியில் இறக்கி, கல்லின்மேல் கூழாங்கல் பரப்பினாள். அசையாமல் நின்றது.

"கட்டையை உள்ள நிறுத்த ரெண்டு ஸ்க்ரூ போதும். ஆளை வெளிய துரத்தத்தான் மந்திரம் வேணும்."

"ரூம் அப்படியே இருக்குக்கா," என்றான் தம்பி, தரையைப் பார்த்தபடி.

"இருக்கட்டும், வரேன். சித்தப்பாவைக் கூப்பிட யார் போறீங்க?"

எதிர்வீட்டுக்காரர் அவசரமாக மீன்களைப் பார்த்தார்.

ஜோசியர் கொண்டு வந்தது கட்டையை மட்டும்தான். யாரைத் துரத்தலாம் என்ற பட்டியல் வீட்டிலேயே தயாராக இருந்தது. ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டில் எது மிதந்தாலும், எது மூழ்கினாலும், தலையாட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்: இதை நம்பினால் இங்கே யாருக்கு வசதி?