ஐஸ் பெட்டியில் ஈசோப்பு

சாயங்காலம் நாலு நாற்பதுக்கு, என் மகளின் இன்ஹேலர் சாப்பாட்டு மேஜை மேல் கிடப்பதைப் பார்த்தேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. காரைக்கால் பள்ளிக்கூடத்திலிருந்து அவள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும் நேரம். நனைந்தால் இழுப்பு வந்துவிடும். பள்ளிக்கூடத்துக்குப் போன் போகவில்லை. பதறிக்கொண்டு நான் ஓடியது, இந்த உலகத்திலேயே அவசரத்துக்கு உதவாத ஒரே மனிதர் வீட்டுக்கு.

அவர் பக்கத்து வீட்டு ஈசோப்பு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களுக்கு எங்கள் பக்கம் சொல்தா என்று பேர். மற்ற சொல்தாக்கள் அங்கிருந்து சென்ட்டும் சாக்லேட்டும் கொண்டுவந்தார்கள். இவர் ஈசோப்பு என்ற மூலிகைச் செடியின் விதை கொண்டுவந்தார். ஒரு குளிர்காலத்தில் நெஞ்சுச்சளியோடு படுத்தவருக்கு யாரோ ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள் ஈசோப்புக் கஷாயம் போட்டுக் கொடுத்து எழுப்பிவிட்டாளாம். அன்றிலிருந்து அவருக்கு இரண்டே மருந்துதான்: ஈசோப்பு, அதற்கும் கேட்காவிட்டால் இன்னும் கொஞ்சம் ஈசோப்பு. சங்கரா மீன் குழம்பிலும் போடுவார். பைபிளில் சிலுவைப்பாட்டில் அந்தப் பேர் வருகிறது என்பதற்காகவே பெரிய வெள்ளிக்கு மாதா கோயிலில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவர் இந்து.

செடிக்குத்தான் எங்கள் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் முளைக்கும், பங்குனியில் கருகும். சொல்தா யோசித்து, மீன் ஏற்றும் ஐஸ் பெட்டி ஒன்றை வாங்கினார். வெயில் ஏறினால் தொட்டியை அதற்குள் வைத்து, டிவிஎஸ் வண்டியின் பின்னால் கட்டி, கருக்களாச்சேரி மீன்துறைக்குப் போய்ச் சுற்றிலும் ஐஸ் நிரப்பிக்கொண்டு வருவார். மீன்காரப் பெண்கள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன சொல்தாய்யா, இன்னிக்கும் வலையில புல்லுதான் மாட்டுச்சா?" என்பார்கள். மோந்து பாருங்கள் என்று இவர் பெருமையாக நீட்டுவார். மோந்தால் மத்தி வாசனைதான் அடிக்கும்.

என் வீட்டு மதில்மேல் தொட்டியில் கற்பூரவள்ளி மண்டிக் கிடக்கிறது. அதைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "டீச்சரம்மா, அது மருந்தாங்க? பஜ்ஜி இலைங்க" என்பார். என் மகள் இருமும் சத்தம் கேட்டால் மதில் வழியாக ஒரு கை நீளும். அதில் இரண்டே இரண்டு ஈசோப்பு இலை இருக்கும். அதற்கு மேல் கிள்ளினால் செடியே இருக்காது.

அன்றைக்கு அவர் வீடு பூட்டிக் கிடந்தது. காலையில் அடித்த வெயிலைப் பார்த்துவிட்டு, செடியைத் தூக்கிக்கொண்டு ஐஸுக்குப் போனவர் திரும்பவில்லையாம். பிள்ளைக்கு மூச்சுத் திணறும் நேரத்தில் இவர் புல்லுக்குக் குளிர் காட்டப் போய்விட்டாரே என்று வாய்விட்டே திட்டினேன். கணவருக்குச் சென்னையில் வேலை. போனில் அவர் சொன்ன சமாதானத்தில் எனக்குப் பயம்தான் கூடியது. வழியில் வரிச்சிக்குடியில் மரம் சாய்ந்து பஸ்ஸெல்லாம் நிற்கிறது, பிள்ளைகள் ரோட்டில் நனைகிறார்கள் என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

நடந்தே போய்விடலாம் என்று கேட்டைப் பூட்டும்போது டிவிஎஸ் சத்தம் கேட்டது. ஐஸ் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அவருடைய மழைக்கோட்டு அவள் மேல் இருந்தது. அவர் மேல் மழைதான் இருந்தது.

இன்ஹேலரைக் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீரானது. அதற்குப் பிறகுதான் பெட்டி எங்கே என்று கேட்கத் தோன்றியது.

மகள்தான் சொன்னாள். "செடியோட மரத்துக்கிட்டேயே இறக்கி வச்சிட்டாரும்மா. தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு."

சொல்தா அது காதில் விழாதவர் போல மதில்மேல் இருந்த தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தார்.

"டீச்சரம்மா," என்றார், "அந்தப் பஜ்ஜி இலையில நாலு கிள்ளிப் போட்டுக் கொதிக்க வைங்க. பாப்பாவுக்கு நல்லது."