அணைப்பாளர்

மனிதர்களில் அணைப்பாளர் என்று ஓர் இனம் உண்டு. பெயரைக் கேட்டதும் முகம் சிவக்க வேண்டாம். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து படிக்கவும் வேண்டாம். நீங்கள் நினைப்பது போல ஒன்றுமில்லை. இவர் அணைப்பதெல்லாம் விளக்கை, மின்விசிறியை, டிவியை, ஏசியை, வெந்நீர் போடுகிற ஹீட்டரை. சுருக்கமாகச் சொன்னால், சுவரில் சுவிட்ச் உள்ள எதையும். சுவிட்ச் இல்லாத எதையும் அவர் அணைத்ததாக இதுவரை தகவல் இல்லை.

சொந்த ஊரிலும் இந்த இனம் இருக்கிறது. ஆனால் அங்கே சாதுவாகத்தான் திரியும். கரண்டே அவ்வப்போது தானாகப் போய்விடுகிற ஊரில் இவருக்கு என்ன வேலை? அதே ஆளை விமானத்தில் ஏற்றி, வருஷம் முழுக்க வெயில் கொளுத்துகிற, கரண்ட் என்பது ஒரு நொடிகூடப் போகாத வெளிநாட்டில் குடும்பத்தோடு இறக்கிவிட்டு, முதல் மாத கரண்ட் பில்லைக் கையில் கொடுத்துப் பாருங்கள். அதற்கப்புறம் ஆளைக் கையில் பிடிக்க முடியாது.

நம்மவரும் அப்படி வேலைக்குப் போனவர்தான். மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரே மகள், அடுக்குமாடியில் இரண்டு அறை வீடு. முதல் மாதம் ஓட்டலில் தங்க வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். ஏசி ஓடியது, போர்வை போர்த்திக்கொண்டார்கள், போர்வைக்குள் வேர்த்ததால் ஏசியைக் கூட்டினார்கள். மாதக் கடைசியில் பில் வந்தது. அணைப்பாளர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். ஐயோ பாவம், மொத்தக் கட்டடத்தின் பில்லையும் தவறுதலாக நம் வீட்டில் போட்டுவிட்டார்களே என்று நல்ல மனசோடு கீழே எடுத்துப்போய்க் காவலாளியிடம் கொடுத்தார். காவலாளிக்கு இவர் பாஷை தெரியாது. பில்லில் இருந்த வீட்டு எண்ணில் ஒரு விரலை வைத்தான். இன்னொரு விரலை அணைப்பாளரின் நெஞ்சில் வைத்தான். அந்த விரல் பட்ட இடத்தில்தான் இந்தக் கதை ஆரம்பிக்கிறது.

அன்று மாலையே வீட்டில் முதல் 'அணை!' கேட்டது.

மற்றவர்கள் 'லைட்டை ஆஃப் பண்ணு' என்பார்கள். எவ்வளவு வார்த்தை பாருங்கள்! அதைச் சொல்லி முடிப்பதற்குள் மீட்டர் எவ்வளவு ஓடியிருக்கும்? அணைப்பாளர் பேச்சிலும் சிக்கனக்காரர். 'அணை.' அவ்வளவுதான். சமையலறையிலிருந்து ஹாலுக்கு வந்தால் 'அணை'. ஹாலிலிருந்து சமையலறைக்குப் போனால் 'அணை'. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே 'அணை'. எதை என்று கேட்கக் கூடாது. ஏதாவது ஒன்று எரிந்துகொண்டுதானே இருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை, பெரும்பாலும் அது பொய்க்காது.

வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் தொடுவது மகளை அல்ல, டிவியின் முதுகை. காய்ச்சல் பார்ப்பது போலப் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால், "யாரு பார்த்தது? என்ன பார்த்தீங்க? அது பார்க்க வேண்டியதா?" என்று விசாரணை. ஃப்ரிட்ஜுக்கு ஒரு சட்டம்: யோசித்துவிட்டுத் திறக்க வேண்டும், திறந்துவிட்டு யோசிக்கக் கூடாது. ஒருநாள் மனைவி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கொஞ்சம் அதிகமாக யோசித்துவிட்டார். முகத்தில் அந்தக் குளிர் பட்டது சுகமாக இருந்தது, அதுதான் காரணம்.

"என்ன தேடற?"

"பால்."

"பால் கையிலதான இருக்கு?"

"இது பால்தானான்னு பார்த்துட்டிருக்கேன்," என்றார் அந்த அம்மாள். வேறு என்ன சொல்வார்?

ஏசியின் ரிமோட் எங்கே என்று கேட்கிறீர்களா? அது அணைப்பாளரோடு தினமும் வேலைக்குப் போய்வந்தது. சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில், கைக்குட்டையில் சுற்றி. கூடவே வீட்டில் உள்ள அத்தனை போன்களுக்குமான பவர் பேங்குகளும், மகளின் டேப்லெட்டும், ஒரு டார்ச் விளக்கும் அந்தப் பையில் போகும். எல்லாம் ஆபீஸ் கரண்டில் வயிறு நிறையக் குடித்துவிட்டுச் சாயங்காலம் திரும்பும். அந்தக் குடும்பத்தில் தினமும் குளிர்ச்சியான இடத்தில் பொழுதைக் கழித்துவிட்டு வந்தவை அவை மட்டும்தான். அவையும் அணைப்பாளரும்.

ஆமாம், அவர் வேலை எங்கே என்று சொல்லவில்லையே! குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர். உறைந்த மீனும் கோழியும் கூரைவரை அடுக்கியிருக்கும் இடம். பகல் முழுக்கக் கம்பளிக் கோட்டும், காதுவரை இழுத்துவிட்ட தொப்பியும், தடித்த கையுறையுமாக நின்றுகொண்டு, கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்ப்பது அவர் உத்தியோகம். எலும்புவரை ஜில்லிட்டுப்போய் மாலையில் வீட்டுக்குள் நுழைவார். ஜன்னல் இல்லாத சமையலறையின் அனல் முகத்தில் அடிக்கும். ஒரு பெருமூச்சு விடுவார்.

"ஆஹா! என்ன இதமா இருக்கு நம்ம வீடு! இதுக்குப்போய் ஏசியா?"

முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மனைவி அவரைப் பார்ப்பார். அந்தப் பார்வையை மின்சாரமாக மாற்ற முடிந்திருந்தால் கட்டடம் முழுக்க ஓசியில் ஏசி ஓடியிருக்கும்.

அவர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். குடும்பம் வேர்வையில் கிடக்கக் கூடாது என்ற அக்கறை அவருக்கும் உண்டு. அதனால்தான் சனி, ஞாயிறு தவறாமல் எல்லோரையும் பெரிய மரச்சாமான் கடைக்குக் கூட்டிப்போவார். எதையும் வாங்க அல்ல. அங்கே இலவசக் குளிர் இருக்கிறது, நாற்காலிகள் இருக்கின்றன, ஒரு குடும்பத்துக்கு வேறென்ன வேண்டும்? விலைச்சீட்டு தொங்குகிற மேசையில் மகள் வீட்டுப்பாடம் எழுதுவாள். அணைப்பாளர் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து, உள்ளே விளக்கு எரிந்தால், கையை விட்டு அதை அணைத்துவிட்டு நகர்வார். விற்பனைப் பெண் பின்னாலேயே வந்து மறுபடி போடுவாள். இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி நீளமான சோபா ஒன்றில் உட்கார்ந்தார். சாய்ந்தார். கண்ணை மூடினார். அவ்வளவுதான், தூங்கிவிட்டார். மெதுவாகத் தூங்கினால்கூடப் பரவாயில்லை, வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு, பல மாதத் தூக்கத்தை ஒரே மூச்சில் தூங்கினார். வேடிக்கை பார்க்க ஆள் கூடிவிட்டது. சோபா எவ்வளவு சொகுசு என்று காட்டக் கடைக்காரர்களே ஆள் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து ஒருவர் விலை விசாரித்தார். விற்பனைப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? விற்பனைக்கு மடித்து வைத்திருந்த போர்வை ஒன்றை எடுத்துவந்து, விலைச்சீட்டு உள்பக்கம் போகும்படி திருப்பி, அந்த அம்மாளுக்குப் போர்த்திவிட்டாள். அணைப்பாளர் இதையெல்லாம் தள்ளி நின்று, யாரோ எவரோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழித்தபோது மனைவிக்கு அழுகை வந்துவிட்டது. யாரோ ஒரு பெண், பேர்கூடத் தெரியாது, போர்த்திவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னார்:

"ஏங்க, பள்ளிக்கூட லீவுக்கு நானும் பாப்பாவும் அம்மா வீட்டுக்குப் போறோம்."

"போயிட்டு வாங்க. எப்ப திரும்பறீங்க?"

"போறதை இங்க யோசிச்சாச்சு. வர்றதை அங்க போய் யோசிக்கிறேன்."

சீக்கிரம் வந்துவிடு என்று சொல்ல அணைப்பாளர் வாயெடுத்தார். ஆனால் பாருங்கள், அதே நேரம் மனசின் ஒரு மூலையில், இரண்டு பேர் இல்லாவிட்டால் பில் எவ்வளவு குறையும் என்று ஒரு கணக்கு தானாக ஓட ஆரம்பித்தது. அந்தக் கணக்கை அணைக்க மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

அவர்கள் போனார்கள். அணைப்பாளர் தனிக்காட்டு ராஜா ஆனார். முதல் சில நாட்கள் அவர் வாழ்க்கையின் பொற்காலம். ஃப்ரிட்ஜில் ஒன்றும் இல்லை, ஆகவே ஃப்ரிட்ஜும் இல்லை, பிளக்கைப் பிடுங்கிவிட்டார். தெருவிளக்கு வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்த இடத்தில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார். நடையில் இருந்த மீட்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அது அசைந்தால்தானே? வேலை செய்கிறதா என்று அவருக்கே சந்தேகம் வந்து, லைட்டைப் போட்டுச் சோதித்துவிட்டு, அப்படிச் சோதித்ததற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

பிறகு பில் வந்தது. அப்படி ஒரு பில்லை அந்தக் கட்டடம் கண்டதில்லை. அணைப்பாளர் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்.

"ஏய், இங்க வா! இதைப் பாரேன்!"

சமையலறையிலிருந்து யாரும் வரவில்லை. அவர் கையில் பில்லோடு ஹாலில் நின்றார். அணைக்கச் சொல்ல ஒன்றும் எரியவில்லை, சொன்னால் கேட்கவும் ஆளில்லை. உடனே போன் போட்டார்.

"பில் வந்திருக்கு! சும்மா துடைச்சு வெச்ச மாதிரி!"

"சந்தோஷமா இருக்கீங்களா?"

"இருக்காதா பின்னே?" என்றார். குரலில்தான் அது தெரியவில்லை. "அங்க எப்படி?"

"ஃபேன் ஓடுது. லைட் எரியுது. டிவி உள்ள தனியா ஓடிட்டிருக்கு, யாரும் பார்க்கலை."

அணைப்பாளருக்கு மாமியார் வீட்டு மீட்டருக்காக நெஞ்சு வலித்தது. "அணைக்கலாம்ல?" என்றார், தன்னை அறியாமல்.



"அந்த முதல் பில் வந்த நாள்லேர்ந்து உங்க வாயில அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்டுட்டிருக்கேன்," என்றார் மனைவி. "லைட்டுக்குச் சொல்றீங்க, ஃபேனுக்குச் சொல்றீங்க. அதுல எனக்குன்னு ஒரு பங்கு உண்டா, இல்லையா? யோசிச்சுச் சொல்லுங்க." போனை வைத்துவிட்டார்.

யோசித்தார். இரண்டு நாள் பிடித்தது. உறைந்த கோழிகளுக்கு நடுவே நிற்கும்போதுதான் பொறி தட்டியது. அடப்பாவி, என்றார் தன்னைப் பார்த்து, அதற்கு அப்படி ஒரு அர்த்தமும் இருக்கிறதல்லவா! அன்று வீடு திரும்பியபோது வீட்டின் சூடு இதமாக இல்லை. வெறும் சூடாகத்தான் இருந்தது. மனைவி இந்தச் சூட்டில்தான் தினமும் அடுப்படியில் நின்றார் என்பது முதல்முறையாக உறைத்தது. மகளும் மனைவியும் இல்லாமல் தன்னால் முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்லும் வார்த்தை அவரிடம் ஏது? இருந்த ஒன்றையும் சுவிட்சுகளுக்கே செலவழித்துவிட்டாரே.

ஹால் லைட்டைப் போட்டார். போட்டவர் அதை அப்படியே விட்டுவிட்டார்.

மறுநாள் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். "அம்மா! இங்க வாயேன்! அப்பா பின்னாடி லைட் எரியுது!"

மனைவி வந்து திரையில் உற்றுப் பார்த்தார். "யாராவது வந்திருக்காங்களா?"

"இல்லையே."

"அப்ப ஏன் எரியுது?"

"எரியட்டும்," என்றார் அணைப்பாளர்.

அந்தப் பக்கம் ஒரு பதற்றம் கிளம்பியது. மாமியாரைக் கூப்பிடுகிற சத்தம். "அம்மா, இவரு லைட்டை எரிய விட்டுட்டு 'எரியட்டும்'னு சொல்றாரு. உடம்புக்கு என்னமோ ஆயிடுச்சு. முகமும் ஒரு மாதிரி இருக்கு. நான் கிளம்பறேன்." வர்றதை அங்கே போய் யோசிக்கிறேன் என்றவர் யோசிக்கவே இல்லை, கிடைத்த முதல் விமானத்தில் டிக்கெட் எடுத்துவிட்டார்.

அணைப்பாளர் விமான நிலையத்துக்கு முன்னாடியே போய்விட்டார். ரிமோட்டை வீட்டிலேயே, மனைவியின் தலையணை மேல் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். கண்ணாடிக் கதவு திறந்து இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மனைவி நேராக வந்து புறங்கையை அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தார், அவர் டிவியைப் பார்ப்பாரே, அதே மாதிரி.

"காய்ச்சல் இல்லையே?"

"இல்ல," என்றார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பின்னால் வருகிறவர்களுக்கு வழி அடைத்துக்கொண்டது.

மகளுக்குப் பொறுமை போய்விட்டது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அப்பாவின் அதே குரலில், அதே அதட்டலில், கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"அணை!"

அணைப்பாளரின் கை சட்டென்று உயர்ந்து பக்கத்துச் சுவரில் சுவிட்சைத் தேடியது.

தடவித் தடவிப் பார்த்தது. கிடைக்கவில்லை. மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே அந்தக் கையைப் பிடித்துச் சுவரிலிருந்து எடுத்துத் தன் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டார். அணைத்தார் நம்மவர். கல்யாண ஆல்பத்துக்கு அப்புறம் இப்போதுதான், அதுவும் நாலு பேர் பார்க்க. நல்ல மனிதர்தான், திருந்திவிட்டார் என்று நீங்களும் நானும் நம்ப ஆசைப்படுகிறோம். ஆனால் மனைவியின் தோளுக்கு மேலே அவர் கண் மெல்லக் கூரைப் பக்கம் போனது.

"பட்டப்பகல்ல இத்தனை லைட்டு எதுக்கு?" என்று அவர் காதோடு சொன்னது மனைவிக்குக் கேட்டது.

நீங்கள் ஏன் இப்படிச் சிரிக்கிறீர்கள்? இதைப் படிக்கும்போது நடுவில் ஒருதரம் எழுந்துபோனீர்களே, அது எதற்கு? தண்ணீர் குடிக்க என்று சொல்லாதீர்கள். உள் அறையில் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது, போய் அணைத்துவிட்டு வந்தீர்கள். அங்கே ஒருவர் படுத்திருந்தாரே, பார்த்தீர்களா?

போங்கள், திரும்பப் போய் அந்த ஃபேனைப் போடுங்கள். போட்ட கையோடு, அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.