ரகசியம் பேசிய பட்டுப்பூச்சிகள்

தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வதில் எனக்கு டீச்சராகச் சேர்ந்த புதிதிலேயே நல்ல தேர்ச்சி இருந்தது. (என் கணவர் இதற்கு ‘பீலா’ என்று ஒரே சொல் வைத்திருக்கிறார்.)

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சிறிய பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு என்னைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவேன் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் தறி ஓடியது. பட்டு நூலோடு வளர்ந்தவர்கள். ஆனால் பட்டுப்புழுவை ஒருவரும் பார்த்ததில்லை. நானும்தான். அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

தாமல் பக்கம் புழு வளர்த்துவந்த என் சித்தப்பாவிடம் பத்துப் புழுக்களை வாங்கிவந்து அட்டைப்பெட்டியில் விட்டேன். பிள்ளைகள் தினமும் மல்பெரி இலை போட்டார்கள். புழு தோலுரிப்பதைப் பார்த்துப் படம் வரைந்தார்கள். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். கதை வேறு சொன்னேன்: பட்டம்மா என்ற புழு கூடு கட்டித் தூங்கி, சிறகு முளைத்து, பெருமாள் கோயில் கோபுரத்துக்கும் மேலே பறந்து போகிற கதை.

புழுக்கள் கூடு கட்டியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சித்தப்பாவுக்கு போன் போட்டேன்.

“வெள்ளிக்கிழமை வெளிய வந்துடும்மா. ஆனா ஒண்ணு…”

அந்த ‘ஒண்ணு’ என்னவென்று கேட்காமல் போனை வைத்துவிட்டு, ‘பட்டம்மா பறக்கும் நாள்’ என்று பெற்றோருக்கெல்லாம் அழைப்பு அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை அம்மாக்கள் வந்தார்கள். தலைமை ஆசிரியை அரக்குப் பட்டுப்புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்தேன். குண்டு குண்டாக வெள்ளைப் பூச்சிகள். சிறகைப் படபடவென்று அடித்தன, ஒன்றும் கிளம்பவில்லை. வெட்கப்படுகிறது போல என்று ஒன்றை எடுத்து மேலே வீசினேன். அது கொழுக்கட்டை மாதிரி நேராகத் தலைமை ஆசிரியையின் மடியில் விழுந்தது.

“பட்டம்மாவுக்கு அடிபட்டுடுச்சி!” என்று நஸ்ரின் ஓவென்று அழுதாள்.

அதற்குள் பெட்டியை எட்டிப் பார்த்த தினேஷ், “மிஸ், இதுங்க ரெண்டும் ஏன் ஒட்டிக்கினு இருக்குது?” என்றான்.

பின்வரிசை அம்மாக்கள் முந்தானையால் வாயை மூடினார்கள்.

“ரகசியம் பேசுதுங்கப்பா.”

“வால்லயா மிஸ்?”

பூமி பிளக்காதா என்று நின்றேன். அப்போது தலைமை ஆசிரியை, “இங்க வாம்மா” என்றார். மடியில் விழுந்த பூச்சி அவருடைய பட்டுப்புடவையில் ஒவ்வொன்றாக மஞ்சள் முட்டை இட்டுக்கொண்டிருந்தது. வேலை போயிற்று என்று முடிவுகட்டி, “மன்னிச்சிடுங்க மேடம்” என்று எடுக்கப் போனேன்.

“தொடாத! முட்டை போடுது. புள்ளைங்களை வரிசையா வரச் சொல்லு.”

ஒரு மணி நேரம் அவர் அசையவில்லை. பிள்ளைகள் குனிந்து குனிந்து முட்டைகளை எண்ணினார்கள். அந்த அமைதி எனக்குத் தைரியம் கொடுத்தது. “நான் சொன்னது தப்புப்பா. இது பறக்காதுன்னு மிஸ்ஸுக்குத் தெரியாது” என்றேன்.

நஸ்ரின் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “பரவால்ல மிஸ். நாம தூக்கிக்கினு போய் கோபுரத்தைக் காட்டலாம்.”

உள்ளங்கையில் பூச்சிகளோடு எல்லோரும் மொட்டை மாடிக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தோம்.

முட்டைகள் புடவையை விட்டு வரவில்லை. மறுநாள் அவர் அந்தப் புடவையையே மடித்து எங்கள் வகுப்பு மேசையில் வைத்தார். பத்தாவது நாள் எறும்பு போலக் கறுப்புக் குட்டிகள் நெளிந்து வந்தபோது பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பே ஓடிவந்தது. மூன்றாம் மாத முடிவில் எனக்கு நிரந்தர வேலை ஆணை வந்தது. இன்றும் பிள்ளைகள் எதையாவது கேட்டு எனக்குத் தெரியாவிட்டால், “தெரியாது, பார்ப்போம்” என்கிறேன். அந்த ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தவருக்கு நான் செலுத்தும் நன்றி அதுதான்.

என் கணவருக்கு மட்டும் வேறு பாகம்தான் பிடிக்கும். போன மாதம் கொழுந்தனின் கல்யாணம் முடிந்த மறுநாள், புதுத் தம்பதியை எங்கே காணோம் என்று சொந்தக்காரர்கள் தேடினார்கள். இவர் கூடம் அதிரச் சொன்னார்: “உள்ள ரகசியம் பேசிக்கினு இருக்காங்க. யாரும் நம்ம டீச்சரம்மாவை அந்தப் பக்கம் அனுப்பிடாதீங்க, ஊரையே கூப்பிட்டுக் காட்டிடுவா!”