உப்புச் சங்கத்தின் செயலாளர்

சங்கத்தின் பெயரை மீட்டே தீருவது என்று ரெங்கசாமி முடிவு செய்தபோது பல் துலக்கிக்கொண்டிருந்தார். பெரிய முடிவுகளை எல்லாம் அவர் வாய் நிறைய நுரையோடுதான் எடுப்பார். அந்த நேரத்தில் மனைவி குறுக்குக் கேள்வி கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

சங்கம் என்றால் தோட்டத்து மரண சகாய சங்கம். தோட்டத்தில் யார் காலமானாலும் கூடாரம் போடுவது, பெஞ்சு கொண்டுவருவது, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பது எல்லாம் அதன் வேலை. ரெங்கசாமி அதன் செயலாளர். ஃபேக்டரியில் தேயிலை சலிக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் செயலாளர். தூக்கத்தில்கூடச் செயலாளராகத்தான் குறட்டை விடுகிறார் என்பது அவர் மனைவி பவளத்தின் கருத்து.

சங்கத்தின் மேல் அதுவரை ஒரு புகார் கிடையாது. அதன் சேவையை முழுசாக அனுபவித்தவர்கள் யாரும் எழுந்து வந்து குறை சொன்னதில்லை.

வினை வாட்ச்மேன் சின்னையாவின் சாவில் வந்தது. திரிங்காப் காய்கறித் தோட்டங்களிலிருந்து அவருடைய உறவுக்காரர்கள் லோரி நிறைய வந்து இறங்கினார்கள். நல்ல மழை. நடுங்கும் குளிர். ரெங்கசாமி தன் கையாலேயே கலக்கிக் கொடுத்த தேத்தண்ணியை வாயில் வைத்ததும் அத்தனை பேர் கண்ணிலும் தண்ணீர். சின்னையாவுக்கு இவ்வளவு பாசக்காரர்களா என்று ரெங்கசாமியே மலைத்துப்போனார். ஒருவர் வாசலுக்கு ஓடித் துப்பிய பிறகுதான் விஷயம் புரிந்தது. சீனி என்று நினைத்து உப்பை அள்ளிப் போட்டிருக்கிறார்.

அதற்கும் காரணம் இருந்தது. சங்கத்துச் சாமான் அறையில் சீனியும் உப்பும் ஒரே மாதிரி பிஸ்கட் டின்களில் இருந்தன. அடையாளத்துக்கு உப்பு டின்னில் பவளம் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைத்திருந்தாள். செயலாளருக்கு அது பிடிக்கவில்லை. சங்கம் என்றால் பார்க்க ஒரு லட்சணம் வேண்டாமா? துணியை அவிழ்த்து எறிந்தார். எல்லா டின்னுக்கும் நீலப் பெயின்ட் அடித்து, எல்லாவற்றிலும் சங்கத்தின் பெயரை அழகாக எழுதினார். பெயர் நன்றாகத்தான் தெரிந்தது. உள்ளே இருப்பதுதான் தெரியவில்லை.

தேயிலைத் தோட்டத்துக்காரன் கொடுத்த தேத்தண்ணியைத் துப்புவது என்றால் சும்மாவா? கொழுந்து எடுக்கும் பெண்கள் நிரைக்கு நிரை சேதியைக் கடத்தினார்கள். காய்கறி லோரி அதை தானா ராத்தா டவுன் பசாருக்குக் கொண்டுபோனது. மறுநாளே சங்கத்துக்குப் புதுப்பெயர் வைத்தாகிவிட்டது: உப்புச் சங்கம்.

லோரி டிரைவர் அர்ஜுனன் ஃபேக்டரி வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டான்.

“என்ன அண்ணே, உங்க சங்கத்துல செத்தா உப்புப் போட்டுத்தான் வைப்பீங்களாமே. கருவாடா?”

“யார்ரா சொன்னது?”

“பசாரே சொல்லுது லா. திரிங்காப்புல நாங்க பல குடும்பம் உங்க சங்கத்துல சேரலாம்னு இருந்தோம். இப்ப பொம்பளைங்க வேணாங்குறாங்க. ஞாயித்துக்கிழமை பொதுக்கூட்டத்துக்கு வந்து பாத்துட்டுத்தான் முடிவு.”

அதே பொதுக்கூட்டத்தில்தான் செயலாளர் தேர்தலும். திரிங்காப்காரர்கள் திரும்பிப் போனால் பதவியும் அதே லோரியில் ஏறிப் போய்விடும். பதவி போனால் அவர் வெறும் ரெங்கசாமி. அதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை பல் துலக்கும்போது அந்த முடிவை எடுத்து, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தவரிடம் பவளம் கேட்டாள்.

“ஏங்க, தப்பா விழுந்துருச்சு, மன்னிச்சுக்குங்கன்னு கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன?”

“சங்கம் மன்னிப்புக் கேக்குறதா? பேரு என்னாகுறது?”

“இப்ப மட்டும் வாழுதாக்கும். சரி, சாமான் ரூம் சாவிய எங்கிட்ட குடுங்க. தேத்தண்ணி வேலைய நாங்க பொம்பளைங்க பாத்துக்கிறோம்.”

“சாவி செயலாளர் இடுப்புல இருக்கணும். அதான் சட்டம்.”

“எந்தச் சட்டம்?”

“நான்தான் செயலாளர். எனக்குத் தெரியாதா?”

பவளம் அதற்குமேல் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் உஷாராகிவிட வேண்டும் என்பது கல்யாணமான நாளிலிருந்து பட்டும் ரெங்கசாமிக்கு மண்டையில் ஏறாத விஷயம்.

முதல் வேலையாக அவர் சங்கத்து வாசலில் ஒரு பலகை வைத்தார். ‘அன்பான சேவை, சுவையான உபசரிப்பு’ என்று எழுதினார். சாயங்காலம் பார்த்தால் அதன் அடியில் யாரோ கரியால், ‘வரும்போது சீனி கொண்டு வரவும்’ என்று சேர்த்திருந்தார்கள்.

அடுத்து, நாலு பேர் காதுபட நல்லதாகப் பேச ஆள் பிடித்தார். பக்கத்து வீட்டு முருகையாவுக்குச் சொல்லிக் கொடுத்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் காலையில் பேசவிட்டார். முருகையா உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்.

“நம்ம சங்கம் செய்யிற மாதிரி எவன் செய்வான்? நானெல்லாம் எப்படா எப்படான்னு காத்துக்கிட்டிருக்கேன்.”

இது அவர் மனைவி காளியம்மாவின் காதில் விழுந்தது. அவள் நேராக ரெங்கசாமி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

“அண்ணே, எம் புருசன் வாயால சாவக் கேக்க வச்சிட்டீங்களே, இது நல்லாருக்கா?”

இதற்குப் பிறகுதான் ரெங்கசாமிக்கு அந்த அற்புதமான யோசனை வந்தது. நடந்ததை மறைக்க வேண்டியதே இல்லை. வேண்டுமென்றே செய்ததாகச் சொல்லிவிட்டால்? அதையும் பவளத்திடம் ரகசியமாகச் சொன்னால் போதும். அவள் வாய்க்குள் போன ரகசியம் மலை ஏறி இறங்காமல் இருந்ததில்லை. மனைவியின் வாயை வைத்தே ஊர் வாயை அடைக்கும் தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

“பவளம், கிட்ட வா. யார்கிட்டயும் மூச்சு விடாத. அன்னிக்கு உப்பு தெரியாம விழல.”

“அப்புறம்?”

“நாந்தான் போட்டேன். அழுதா ஒடம்புல உப்பு எறங்கிடும்ல? குளிர் வேற. மயக்கம் வரும். அதுக்குத்தான் உப்புத் தேத்தண்ணி. ஒடம்புக்கு ரொம்ப நல்லது.”

பவளம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். சிரிக்கவில்லை.

“அப்படியா? இது தெரியாம நான் உங்கள என்னென்னமோ நெனச்சிட்டேனே. யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க.”

மறுநாள் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குள் மலை முழுக்கத் தெரிந்துவிட்டது. பசாரில் ஒரு கடைக்காரர் ரெங்கசாமிக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அர்ஜுனன் லோரியை நிறுத்திவிட்டு இறங்கியே வந்தான்.

“அண்ணே, தெரியாம கிண்டல் பண்ணிட்டேன். இவ்வளவு யோசிச்சுச் செய்யிறீங்க. நீங்க தெனம் காலையில அதத்தான் குடிக்கிறீங்களாமே? அதான் இந்தக் குளிர்லயும் ஒரு இருமல் இல்லயாம்.”

இந்த இருமல் சமாச்சாரம் ரெங்கசாமி சொன்னதல்ல. பவளம் கூடச் சேர்த்தது. கெட்டிக்காரி, கொஞ்சம் மசாலா சேர்த்திருக்கிறாள் என்று அவர் மகிழ்ந்தார்.

“ஆமாமா. தெனம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. திரிங்காப் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ரெங்கசாமி எழுந்து தொண்டையைக் கனைத்தார். உடனே காளியம்மா ஒரு கிளாஸோடு வந்தாள்.

“பேச முன்ன குடிங்க அண்ணே. உங்களுக்குன்னு தனியா போட்டது.”

ஒரு வாய் குடித்தார். கடலே உள்ளே போன மாதிரி இருந்தது. முன்வரிசை கண்கொட்டாமல் பார்த்தது. துப்பினால் சங்கமும் போச்சு, செயலாளரும் போச்சு. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

“எப்படி அண்ணே இருக்கு?” என்று அர்ஜுனன் கேட்டான்.

“அருமை.”

“இவ்வளவு ஆசையா குடிக்கிறாரு, இன்னொண்ணு குடுங்க லா” என்றாள் ஒரு திரிங்காப் அம்மாள்.

இன்னொன்று வந்தது. அதையும் குடித்தார். அப்போது பவளம் புதுக் கெட்டிலோடு பக்கத்தில் வந்து குனிந்தாள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, புருஷனைக் கவனிக்கும் பதிவிரதையாகத் தெரிந்தாள்.

“இந்தக் கெட்டில்ல சீனி போட்டிருக்கேன்.”

“குடு, குடு. சீக்கிரம் ஊத்து.”

“சாவி?”

“பவளம், இது நல்லா இல்ல.”

“அப்ப காளியம்மாவே ஊத்தட்டும். அந்தக் கெட்டில்ல இன்னும் நெறைய இருக்கு.”

ரெங்கசாமி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். “சங்கத்தின் வளர்ச்சியைக் கருதி, சாமான் அறைப் பொறுப்பை இன்றுமுதல் பெண்களிடம் ஒப்படைக்கிறேன்” என்று உப்பிப்போன நாக்கோடு அறிவித்தார். மண்டபம் கை தட்டியது. திரிங்காப் பெண்கள்தான் எல்லாரையும்விட ஓங்கித் தட்டினார்கள். அத்தனை குடும்பங்களும் அங்கேயே சேர்ந்தன. ரெங்கசாமி போட்டியில்லாமல் மறுபடியும் செயலாளரானார். டின்னில் சிவப்புத் துணி அன்றைக்கே ஏறிவிட்டது.

மறுநாள் காலை மனசு நிறைந்து வாசலில் உட்கார்ந்தார். சங்கத்தின் பெயர் மீண்டது. பதவி தங்கியது. ஒரு சாவிதானே போனது? பவளம் ஆவி பறக்கத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். ஆசையோடு ஒரு மடக்கு குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“என்னடி இது? சாவியத்தான் குடுத்துட்டேனே!”

“மெதுவா பேசுங்க. காளியம்மா அவ வீட்டு வாசல்ல நிக்கிறா பாருங்க. அங்க அர்ஜுனன் லோரிய வேற நிறுத்திப் பாத்துக்கிட்டிருக்கான். தெனம் குடிக்கிறேன்னு நீங்கதான சொன்னீங்க?”

ரெங்கசாமி இருவருக்கும் கிளாஸைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பல்லுக்கு இடையில் கேட்டார்.

“இத எத்தன நாளைக்குக் குடிக்கணும்?”

“நீங்க செயலாளரா இருக்குற வரைக்கும்.”